எழுத்துக் கொப்பி எடுக்கவா, டீச்சர்?

2023 ஜூன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கொழும்பு வடக்கில் மட்டக்குளியில் நாங்கள் நடத்திய முன்பள்ளிக்குப் போயிருந்தேன். பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் நாலு பிள்ளைகள் மரக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு மூலையில் கடை விளையாட்டு, வாசலில் தண்ணீர்ப் பேசினைச் சுற்றி மூன்று பேர் முழங்கை வரை நனைந்திருந்தார்கள். நான் கையில் வைத்திருந்த படிவத்தில் வரிசையாகச் சரி போட்டுக்கொண்டே வந்தேன். கிளம்பலாம் என்று பையை மூடிய நேரம் நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று டீச்சரின் சாரி முந்தானையை இழுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டது: "டீச்சர், அவ போறாவா? இப்ப எழுத்துக் கொப்பி எடுக்கவா?"

டீச்சரின் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய பத்திரிகைக் கட்டுக்குப் பின்னால் 22 கொப்பிகள் இருந்தன. பிரவுண் தாளில் உறை போட்டு, பெயர் ஒட்டி, மிகவும் ஒழுங்காக. ஒன்றைத் திறந்தேன். பக்கத்துக்கு ஓர் எழுத்து. முதல் வரியில் டீச்சர் சிவப்புப் பேனையால் எழுதிய "அ" அச்சடித்தது போல இருந்தது. அதற்குக் கீழே பிள்ளை எழுதியது வரிக்கு வரி சுழி அவிழ்ந்து, வால் நீண்டு, கடைசி வரிக்கு வரும்போது வெறும் முட்டையும் பக்கத்தில் ஒரு கோடுமாக ஆகியிருந்தது. அழுத்திய அழுத்தில் தாளின் மறுபக்கம் புடைத்திருந்தது, ஓரிடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. பிள்ளைக்கு வயது மூன்றரை. அந்த வயதுக்கு விளையாட்டுத்தான், எழுத்து வேண்டாம் என்பதுதான் நாங்கள் எல்லாரும் படித்தது.

முன்பள்ளி நிகழ்ச்சித்திட்டங்களை நடத்துகிறவர்களுக்கான பயிற்சிகளில் எல்லாரும் தங்கள் வெற்றிக் கதையைத்தான் கொண்டுவருவார்கள், நானும் கொண்டுபோயிருக்கிறேன், படங்களோடு. இது அப்படிப்பட்டது இல்லை. ஒன்பது முன்பள்ளிகளுக்குப் பொறுப்பாக இருந்த நான் ஆறு வருடமாக எதைப் பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வந்த வழி

1998இல் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தின் பின்பக்கம் நடந்த முன்பள்ளியில் உதவி டீச்சராகச் சேர்ந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம், மூன்று மாதத்துக்கு என்றுதான் போனது. அப்புறம் நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்தில் வார இறுதிகளில் ஓடியோடி முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ், சில வருடம் கழித்து டிப்ளோமா. பொறுப்பாசிரியை ஆனேன், 2011இல் மூன்று நிலையங்களுக்கு இணைப்பாளர், 2017இல் ஒரு சிறிய அறக்கட்டளையின் ஒன்பது முன்பள்ளிகளும் 17 டீச்சர்மாரும் என் பொறுப்பில் வந்தார்கள். விசிட்டிங் கார்டில் நிகழ்ச்சித்திட்ட முகாமையாளர், பிள்ளைகளுக்குப் பெரிய டீச்சர், பெற்றோருக்கு மிஸ். இப்போது இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்குத் தேசிய தொழிற்தகைமை நாலாம் மட்டம் என்று ஒரு வழியும் இருக்கிறது, எங்கள் காலத்தில் அது இல்லை.

ஏறிவந்த ஒவ்வொரு படியிலும் பிள்ளைகள் எனக்குக் கொஞ்சம் தூரமானார்கள். நன்றாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற டீச்சரைப் பிடித்து இணைப்பாளர் ஆக்குகிறோம், அன்றோடு அவள் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை. அவளுக்குத் தெரிந்த வேலை போய்விடும், தெரியாத வேலை கைக்கு வரும். அந்தத் தெரியாத வேலையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. படிவம் மட்டும் கொடுத்தார்கள்.

வெளியில் இருக்கிறவர்களுக்கு இங்குள்ள அமைப்பு விளங்காது, அதனால் கொஞ்சம் சொல்லவேண்டும். இலங்கையில் பாடசாலைக் கல்வி இலவசம், ஆனால் அது முதலாம் தரத்தில்தான், அதாவது ஐந்து வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய இரண்டு வருடமும் பெற்றோர் பாடு. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது மாகாண சபைகளின் கைக்குப் போனது. கொள்கை கொழும்பில் அமைச்சில் இருக்கும், 2004இல் முன்பிள்ளைப்பருவப் பராமரிப்புக்கும் அபிவிருத்திக்கும் ஒரு தேசியக் கொள்கையும் வந்தது. பிரதேச செயலகத்தில் அதற்கென்று ஓர் உத்தியோகத்தர் இருப்பார். ஆனால் முன்பள்ளியை நடத்துகிறவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரு தனியாள், ஒரு கோயில், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிவாசல், ஒரு தொண்டு நிறுவனம். டீச்சரின் சம்பளம் பிள்ளை கொண்டுவரும் கட்டணத்தில் இருந்துதான் வரும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பலகையில் மட்டும் எல்லாம் மொண்டிசோரி. பிள்ளை தானே தன் கையால் செய்து கற்கும் முறையை உருவாக்கிய மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் காரணமாக இந்தியாவிலேயே தங்கி, 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர். அந்த வழியில் உண்மையாகவே நடக்கிற இடங்கள் கொழும்பில் இருக்கின்றன. மற்றப்படி இந்த ஊரில் மொண்டிசோரி என்றால் சின்னக் கதிரை, சுவரில் யானைப் படம், கையில் கொப்பி. அம்மையார் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

மட்டக்குளியில் மழை

என் படிவத்தில் 42 கேள்விகள் இருந்தன. விளையாட்டு மூலை இருக்கிறதா, கை கழுவச் சவர்க்காரம் இருக்கிறதா, பிள்ளை தெரிவு செய்யும் நேரம் எவ்வளவு, முதலுதவிப் பெட்டி, பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா (டெங்கு ஊர் இது, அந்தக் கேள்வியை மட்டும் இன்றைக்கும் எடுக்கமாட்டேன்). ஒவ்வொன்றும் சரியான கேள்விதான். பெற்றோர் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்றோ, போன மாதம் உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது என்றோ ஒரு கேள்வி கிடையாது.

155 பஸ்ஸில் போய் இறங்கி, நாலு நிலையத்தை ஒரே நாளில் பார்த்து முடிப்பேன். திடீர் வருகை என்று நினைத்துக்கொள்வேன். டீச்சர்மாருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது எனக்குத் தெரியும், அதில் நான் இல்லை என்பதும் தெரியும், இருக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, முதல் நிலையத்தில் நான் காலை வைத்ததும் அதில் ஒரு செய்தி போகும்: "மழை வருது." புறப்பட்டதும்: "மழை மட்டக்குளிப் பக்கம்." அடுத்த இடத்தில் கொப்பிகள் அலுமாரிக்குள் போகும், கட்டைகள் வெளியே வரும். அதைக் கேட்டு முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, இரவில் படுத்தபிறகுதான் வெட்கம் வந்தது. ஆறு வருடம் அறக்கட்டளைக்கு நான் அனுப்பிய அறிக்கைகள் எல்லாம் எனக்காகப் போட்ட நாடகத்தின் விமர்சனம்.

முதலில் செய்த பிழை

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் செய்தது, கொப்பிகளை ஒரு பெரிய சாக்குப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறியது. மறுநாள் ஒன்பது நிலையங்களுக்கும் கடிதம்: எழுத்துக் கொப்பி தடை, மீறினால் விளக்கம் கேட்கப்படும். எனக்கு நான்தான் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்ற எண்ணம்.

மூன்று வாரத்தில் மட்டக்குளியில் 22 பிள்ளைகள் 17 ஆனார்கள். ஐந்து பேரும் எங்கே போனார்கள் என்று தேடத் தேவையில்லை, இரண்டு ஒழுங்கை தள்ளி இங்கிலிஷ் மீடியம் என்று பெரிய எழுத்தில் போட்ட இடத்துக்கு. ஜூலையில் டீச்சர் போன் எடுத்தாள். "மிஸ், நான் அடுத்த மாசத்தோட நிப்பாட்டுறேன். வீட்டில சமாளிக்க ஏலாது." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நேரே வந்து பேசுகிறேன் என்று சொன்னேன், படிவத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

பிள்ளைகள் போனபிறகு அந்தச் சின்னக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து, தேத்தண்ணியோடு அவள் கணக்குச் சொன்னாள். கட்டணம் 1,500 ரூபா. 22 பேர் என்றாலும் ஒழுங்காகக் கட்டுவது 15 பேர், அது 22,500. அதில் உதவிக்கு நிற்கிற அக்காவுக்கு 12,000. மிச்சம் 10,500, அறக்கட்டளை கொடுப்பது 8,000. ஆக 18,500 ரூபா, 11 வருட அனுபவமும் டிப்ளோமாவும் உள்ள ஒருத்திக்கு. போன ஐந்து பிள்ளைகளில் நாலு பேர் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள், அதாவது 6,000 ரூபா. என் கடிதம் எழுத எனக்கு ஒரு சதமும் செலவாகவில்லை, முழுச் செலவும் அவளுக்கு.

"நான் இதைப் படிச்சுத்தானே மிஸ் வந்தேன், மூன்று வயசுக்கு எழுத்து வேண்டாம் எண்டு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

நாட்டின் பொருளாதாரம் விழுந்த 2022ஐயும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். காஸ் வரிசையில் நின்ற வீடுகள் முதலில் வெட்டிய செலவுகளில் முன்பள்ளிக் கட்டணமும் ஒன்று. கொரோனாவில் மூடியது, பிறகு இது. 2023இன் முதலாம் தவணை மார்ச் கடைசியில்தான் தொடங்கியது, தங்களுக்கு நேரம் போதாது என்ற பதற்றம் எல்லாப் பெற்றோரிடமும் இருந்தது. கட்டணம் கட்டுகிற வீடு எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லுகிற நிலையில் எந்த டீச்சரும் இருக்கவில்லை.

அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் கதவைச் சாத்திவிட்டு, குறிப்பு எடுக்கவேண்டாம் என்று சொல்லிக் கேட்டேன்: யார் யாரிடம் கொப்பி இருக்கிறது? ஒரு நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு எல்லாரிலும் மூத்த டீச்சர், முகத்துவாரத்து நிலையத்தைப் பார்ப்பவர், மெதுவாகச் சொன்னார்: "யாரிட்ட இல்லை எண்டு கேளுங்க மிஸ், சுகமா முடிஞ்சிரும்." ஒன்பதில் ஏழு இடத்தில் இருந்தது.

பெற்றோர் முட்டாள்கள் இல்லை

எங்கள் ஆட்கள் பெற்றோரைப் பற்றிப் பேசும் தோரணை எனக்குப் பிடிப்பதில்லை, விழிப்புணர்வு இல்லாதவர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த ஆகஸ்டில் 30 வீடுகளுக்கு மேல் போய்ப் பேசினேன். அப்பா துறைமுகத்தில் நாட்கூலி, அம்மா வீட்டு வேலைக்கோ தையல் பெக்டரிக்கோ போகிறவர், சில வீட்டில் அம்மா குவைத்தில், பிள்ளை அம்மம்மாவோடு. அவர்களின் பயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதலாம் தர வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள், எழுதத் தெரிந்தவன் முன்வாங்கில் இருப்பான், என் பிள்ளை பின்னால் போய்விடும். ஒரு தகப்பன் சொன்னார், "எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் மிஸ் போடத் தெரியும். இவன் எழுதுறதப் பாத்தா எனக்கு நித்திரை வரும்." அவருக்கு விளையாட்டின் பயனை விளக்க என்னிடம் வாய் எழவில்லை.

நான் சொல்லக்கூடிய இரண்டு விஷயம் இருந்தது, அதைச் சொன்னேன். ஒன்று, அரச பாடசாலையில் முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கை வீட்டுத் தூரம், பழைய மாணவர், அங்கே படிக்கும் சகோதரர் என்றுதான் புள்ளி போடுகிறது, பிள்ளைக்கு எழுதத் தெரியுமா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. (தனியார் பாடசாலைகளும் சர்வதேசப் பாடசாலைகளும் வேறு கதை, அங்கே பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்கள்.) இரண்டாவது, முதலாம் தரமே பிள்ளையை இனங்காணும் விளையாட்டுச் செயற்பாடுகளோடுதான் தொடங்குகிறது, முதலாம் இரண்டாம் தரங்களில் விளையாட்டுக்குத்தான் பாடத்திட்டத்தில் பெரிய இடம். இதைக் கேட்ட அம்மா ஒருவர், "புத்தகத்தில அப்பிடி இருக்கும் மிஸ், வகுப்பில அப்பிடியா?" என்றார். எத்தனையோ முதலாம் தர வகுப்புகளைப் பார்த்தவள் நான், பொய் சொல்ல முடியவில்லை.

செப்டெம்பரில் பெற்றோர் கூட்டம். பெரிய ஆயத்தம். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள், பிறக்கும்போது எட்டுமே குருத்தெலும்பு, ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகும், கடைசி எலும்பு வரப் பிள்ளைக்கு ஒன்பது பத்து வயதுகூட ஆகலாம் என்று எக்ஸ்ரே படம் காட்டினேன். அம்மாமார் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது, பாதிப்பேருக்கு அது ஒரு விடுதலை.

பிறகு மட்டக்குளி டீச்சர் எழும்பினாள். எல்லாருக்கும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, இடது கையால் உங்கள் பெயரைப் பத்துத் தடவை எழுதுங்கள், வரி விலகக்கூடாது, நான் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்றாள். நாலாவது தடவையில் ஒருவர் கையை உதறினார். ஆறாவதில் பின்வரிசையில் ஒருவர் பக்கத்து அம்மாவிடம் எழுதித்தரச் சொல்லிக் கொடுத்தார், எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிவப்புப் பேனையோடு நடந்து போய் ஒருவரின் தாளில் மட்டும் "மீண்டும் எழுதவும்" என்று எழுதினாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. எக்ஸ்ரே செய்யாததை அந்த நாலு நிமிடம் செய்தது.

அங்கேயும் எனக்கு ஓர் அடி கிடைத்தது. ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலால்தானே எழுதவைக்கிறோம், பென்சிலைக் கொடுக்கிறோமா என்று நான் பெருமையாகச் சொன்னேன். சொன்னபிறகுதான் அறையைப் பார்த்தேன், பாதிப்பேர் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும். கொழும்பு வடக்கில் இத்தனை வருடம் வேலை செய்த ஒருத்தி விடக்கூடாத பிழை அது. ஆனால் ஒரு முஸ்லிம் அம்மாவே கைகொடுத்தார்: "எங்கட பிள்ளைகளும் ஓதப் போனா முதல்ல விரல் வச்சுத்தான் எழுத்தப் பாக்குறது." சரி, அதிலிருந்து வந்ததுதான் மணல் தட்டு. பழைய அலுமினியத் தட்டில் கழுவிக் காயவைத்த மணல், அதில் விரலால் ட, ப, ம. நேர்கோடும் மூலையும் முதலில் வரும், "அ"வின் சுழி கடைசியில் வரும். பிழைத்தால் தட்டை ஆட்டினால் போதும், அழிறப்பர் வேண்டாம், சிவப்புப் பேனையும் வேண்டாம்.

பையைத் திறந்தால் என்ன இருக்கிறது

அந்தக் கூட்டத்தில் நான் உண்மையில் கற்றது வேறு. கலைந்து போகும்போது ஒரு பாட்டி கேட்டார், "அப்ப பிள்ள வீட்டுக்கு என்னத்தக் கொண்டு வரும்?" அதுதான் விஷயம். வேலை விட்டு இரவு ஏழு மணிக்கு வரும் அம்மா பிள்ளையின் பையைத் திறக்கிறாள். உள்ளே காலிச் சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணிப் போத்தலும் மட்டும் இருந்தால் 1,500 ரூபாவுக்கு இன்று என்ன நடந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு பக்கம் "அ" இருந்தால் தெரியும். அவர்கள் கேட்டது எழுத்தை இல்லை, அத்தாட்சியை.

அதனால் வெள்ளிக்கிழமைத் தாள் என்று ஒன்றைத் தொடங்கினோம். பிள்ளை ஒரு படம் வரையும், அதைப் பற்றி என்ன சொல்கிறதோ அதை டீச்சர் ஒரு சொல்லும் மாற்றாமல் கீழே எழுதவேண்டும். மாற்றாமல் எழுதுவது டீச்சர்மாருக்குப் பெரிய பாடாக இருந்தது, திருத்தாமல் விட அவர்கள் கை விடாது. தாளுக்குக் காசு கொடுக்கவில்லை, அலுவலகத்தில் ஒரு பக்கம் அடித்த தாள்களின் மறுபக்கம்தான். (2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள், அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் யாரும் தாளை எறிவதில்லை.) என் பழைய அறிக்கைகளின் முதுகிலும் பிள்ளைகள் வரைந்தார்கள், அவற்றுக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

ஒரு பையன் ஒரு பெரிய நீல வட்டம் போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்திருந்தான். கீழே டீச்சர் எழுதியிருந்தாள்: "இது அப்பாட கப்பல். அப்பா உள்ளுக்கு நித்திரை." கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அந்தத் தகப்பனின் மகன். அதை மனைவி வாசித்துக் காட்டியிருக்கிறாள், அவர் அதை லாமினேட் பண்ணிக்கொண்டு வந்து எங்களுக்கே காட்டினார்.

கொப்பியை முழுதாக விடவும் இல்லை. நாலரை வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கடைசித் தவணையில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம், கோடில்லாத தாளில், விரும்பிய பிள்ளைக்கு. இது கொள்கைக்கு ஒத்துவராது என்று சக இணைப்பாளர் ஒருவர் என்னோடு சண்டை பிடித்தார். அவர் சொன்னது புத்தகப்படி சரி. ஆனால் ஒளித்து எழுதவைக்கும் பத்துப் பக்கத்தைவிட எனக்குத் தெரிந்து எழுதும் ஒரு பக்கம் மேல்.

சம்பளத்துக்குக் காசு இல்லை, பயிற்சிக்கு இருக்கிறது

கொப்பி போனதற்கு மணல் தட்டும் வெள்ளிக்கிழமைத் தாளும் காரணம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அதைவிடப் பெரிய காரணம் பணம். பிள்ளை விலகினாலும் டீச்சரின் கையில் வரும் தொகை மூன்று மாதத்துக்குக் குறையாது என்று ஒரு உத்தரவாதம் இருந்தால்தான் அவள் ஒரு பெற்றோரிடம் முடியாது என்று சொல்ல முடியும். அதைக் கேட்டு அறக்கட்டளையின் கூட்டத்துக்குப் போனேன். ஒன்பது நிலையத்துக்கும் சேர்த்து நான் கேட்டது ஒரு நிலையத்துக்குச் சுவர்ப்படம் வரைந்து வர்ணம் பூச ஒதுக்கிய காசை விடக் குறைவு. பதில் என்ன தெரியுமா? நன்கொடையாளர்கள் பயிற்சிக்குத் தருவார்கள், பொருளுக்குத் தருவார்கள், சம்பளத்துக்குத் தரமாட்டார்கள். இந்த வசனத்தை இந்தத் துறையில் இருக்கும் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள்.

அதே கூட்டத்தில் அதே ஆட்கள் பெரி முன்பள்ளி ஆய்வைப் பற்றி ஒரு ஸ்லைட் போட்டார்கள். அமெரிக்காவில் மிச்சிகனில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962 தொடக்கம் 1967 வரை நடந்தது, 123 பிள்ளைகள், 58 பேர் முன்பள்ளிக்குப் போனவர்கள், 65 பேர் போகாதவர்கள், அவர்களை நாற்பது வயது வரைக்கும் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு டொலர் போட்டால் பல டொலர் திரும்பிவரும் என்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டுவது இதைத்தான். நான் கையை உயர்த்தி அந்த ஸ்லைடில் இல்லாததைச் சொன்னேன். அங்கே வேலை செய்தவர்கள் பட்டமும் ஆசிரியர் சான்றிதழும் உள்ளவர்கள், ஐந்தாறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியை, வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒன்றரை மணிநேரம் இருப்பார்கள், அரச பாடசாலை ஆசிரியருக்கு ஒத்த சம்பளம் எடுத்தவர்கள். பலனை மட்டும் மிச்சிகனில் இருந்து எடுத்துக்கொண்டு சம்பளத்தை மட்டக்குளியில் இருந்து எடுக்க முடியாது என்றேன். கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன். தலைவர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வாரம் கழித்து உத்தரவாத நிதிக்கு ஆறு மாதம் பரீட்சார்த்தமாக ஒப்புதல் வந்தது, கணக்கில் அதற்கு இட்ட பெயர் "ஆசிரியர் அபிவிருத்தி". என்ன பெயர் வேண்டுமானாலும் போடட்டும்.

அரசு பக்கத்திலும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் முன்பள்ளி ஆசிரியைகளின் மாதக் கொடுப்பனவை 1,000 ரூபாவால் கூட்டினார்கள், காலை உணவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு 60 ரூபாவாக இருந்ததை 100 ஆக்கினார்கள். நல்லதுதான். மாதம் 1,000 ரூபாவைக் கொண்டு ஒரு டீச்சர் எத்தனை பெற்றோரிடம் முடியாது என்று சொல்லலாம் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

என் வேலையில் மாறியது

42 கேள்விப் படிவம் நாலு கேள்வி ஆனது, அதில் இரண்டு பூச்சாடியும் முதலுதவிப் பெட்டியும். ஒரு நாளைக்கு ஒரு நிலையம்தான். காலையில் போய்ப் பாயில் இருந்து பிள்ளைகளோடு வேலை செய்வேன், பிள்ளைகள் போனபிறகு டீச்சரோடு ஒரு மணிநேரம். பல வருடத்துக்குப் பிறகு கதை சொன்னேன், முதல் நாள் குரல் அடைத்துவிட்டது, ஒரு பையன் என் மடியில் இருந்து ஒண்ணுக்கும் போய்விட்டான். பெற்றோர் யாராவது கொப்பி கேட்டுச் சண்டைக்கு வந்தால் டீச்சர் பதில் சொல்லத் தேவையில்லை, என் நம்பரைக் கொடுக்கவேண்டும். முதல் மாதம் 14 அழைப்பு வந்தது, இரண்டு பேர் ஏசினார்கள். அந்த ஏச்சை வாங்குவதுதான் என் பதவிக்குரிய வேலை என்று எனக்கு 25 வருடம் கழித்துத்தான் விளங்கியது.

2024 கடைசியில் நிலைமை இதுதான். ஆறு நிலையங்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் கொப்பி இல்லை. இரண்டில் இருக்கிறது, எனக்குத் தெரிந்தே இருக்கிறது, அந்த டீச்சர்மார் இன்னும் மனம் மாறவில்லை, நான் வற்புறுத்தவும் இல்லை. மட்டக்குளியில் 24 பிள்ளைகள். போன ஐவரில் இருவர் திரும்பி வந்தார்கள், மூவர் வரவில்லை. 17 டீச்சர்மாரில் மூவர் விலகினார்கள், ஒருவர் கத்தாருக்கு, ஒருவர் திருமணமாகி வவுனியாவுக்கு.

மூன்றாமவர் கொட்டாஞ்சேனையில் இருந்தவர், ஒன்பதாவது நிலையம் அவருடையது. கூட்டங்களில் எனக்கு நேரே நின்று இது சரிவராது மிஸ் என்று சொன்ன ஒரே ஆள். எங்களை விட்டுப் பிரிந்து, அதே வீதியில் சொந்தமாக ஓர் இடம் எடுத்து, வாசலில் பெனர் கட்டி, மூன்று வயதில் இருந்து ஆங்கில எழுத்து, தமிழ் எழுத்து, கணக்கு என்று பட்டியல் போட்டிருக்கிறார். நாற்பது பிள்ளைகளுக்குக் குறையாது, எங்களுடைய எந்த நிலையத்திலும் அத்தனை இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் நடந்து போனபோது வாசலில் நின்றவர் என்னைக் கண்டு கையை ஆட்டினார். உள்ளே பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. கொப்பிகள் மேசை மேலேயே இருந்தன.

"வாங்க மிஸ், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றார். "இஞ்ச இப்ப மழை வாறதே இல்லையே."